இமயனின் அம்மா மூன்று தடவை செத்தாள்

"செத்துப்போன ஒரு பொம்பளைய நான் பட்டப்பகல்ல உயிரோட எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்யா! சாதாரணமா செத்தவ இல்ல. நெருப்புல ஒரு தடவை, வெள்ளத்துல ஒரு தடவை, துப்பாக்கிக் குண்டுல ஒரு தடவைன்னு மூணு தடவை செத்தவ. கையில தூக்குச் சட்டியோட நடந்து வந்தா. சட்டியில புளிசாதம் சூடா இருந்துச்சு!"

கோதண்டபாணி இதை அறிவித்த இடம் சாலிகிராமத்துக் கல்யாண மண்டபம் ஒன்று. அன்றைக்கு அங்கே சினிமாத் தொழிலாளர்களுக்கு இலவச மருத்துவ முகாம். சர்க்கரைப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். புளிசாதம் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேருக்கு வயிறு இரைந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"புளிசாதம் வரைக்கும் நம்புறேன்," என்றார் லைட்மேன் சம்மந்தம். "மிச்சத்தை அருளப்பன் சொல்லட்டும்."

எல்லோரும் அருளப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுதான் வழக்கம். கோதண்டம் பலூன் ஊதுவார், அருளப்பன் ஊசி குத்துவார். ஒருவர் வசனகர்த்தா, மற்றவர் ஒலிப்பதிவாளர். நாற்பது வருஷமாக இந்தக் கச்சேரி நடக்கிறது. தன்னுடைய வசனத்தைக் கேட்டு ஜனங்கள் விசிலடித்ததில் பொள்ளாச்சியில் ஒரு தியேட்டரின் கூரையே பறந்துபோனது என்று கோதண்டம் சொன்னால், "ஓடு மாத்திக்கிட்டிருந்தாங்க" என்பார் அருளப்பன். அவ்வளவுதான். கோதண்டமே முதல் ஆளாகச் சிரிப்பார்.

இன்றைக்கு அருளப்பன் வாய் திறக்கவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி கையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய ஊசி அவரிடம் இருந்ததே இல்லை. அதனால்தான் வாய் திறக்கவில்லை.

ஏஜெண்ட் இமயன் என்றால் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தால் அவர்களுக்காக: மொத்தம் எட்டுப் படம். எட்டிலும் அந்த ஒற்றன் வெடிக்க வைத்த கார்களை வரிசையாக நிறுத்தினால் முதல் கார் தாம்பரத்திலும் கடைசிக் கார் திண்டிவனத்திலும் நிற்கும். எட்டுக்கும் வசனம் கோதண்டபாணி, ஒலிப்பதிவு அருளப்பன். எட்டாவது படத்தில் இமயன் சுவரேறிக் குதிக்கும் காட்சியில் கதாநாயகனை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. அந்த நால்வரில் ஒருவர் வில்லன். அதோடு கதாநாயகன் கொடைக்கானலுக்குப் போய் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்தார்.

பிறகு ஒரு புதுக் கம்பெனி இமயனை வாங்கியது. இமயனை மறுபடி இருபத்திரண்டு வயதுப் பையனாக அறிமுகப்படுத்தப் போகிறோம், முதல் வேலை, முதல் துப்பாக்கி, முதல் தழும்பு என்று அறிவித்தார்கள். நடிகர் தேவையில்லை, பையனைக் கம்ப்யூட்டரில் நாங்களே செய்துகொள்கிறோம் என்றார்கள். ஜனங்களுக்குப் பழைய வாசனை வேண்டுமே, அதற்காக இரண்டு கிழவர்களையும் சோழிங்கநல்லூர்க் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கார் அனுப்பிக் கூட்டிப்போனார்கள்.

பையனைச் செய்கிற பிரிவுக்குத் தலைவி நிலோஃபர். முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பாள்.

"முன்னாடி பண்ணின உருவமெல்லாம் 'அழு'ன்னா அழும் சார். கண்ணுல தண்ணி கரெக்டா வரும். ஆனா பாக்கறவங்களுக்கு வராது," என்றாள். "அதனால இப்ப நாங்க 'அழு'ன்னு சொல்றதில்ல. அழறதுக்கு ஒரு காரணத்தைக் குடுத்துடறோம்."

"காரணம்னா?"

"ஞாபகம் சார். பொறந்ததுல இருந்து ஒரு முழு வாழ்க்கை. எந்த ஊரு, என்ன சாப்ட்டான், யாரு அடிச்சாங்க, யாரு செத்தாங்க. அதைக் குடுத்துட்டா மிச்சத்தை அவனே பாத்துக்குவான்."

"அப்ப அவனுக்கு நடிக்கத் தெரியாதா?"

"தெரியாது சார். அவனுக்கு எல்லாமே நெஜம்."

கோதண்டத்தின் முகம் தீபாவளி ஆனது. அழக் காரணம் வேண்டுமென்று கேட்டு ஓய்வுபெற்ற ஒரு வசனகர்த்தாவைத் தேடி வருகிறார்கள்! "காரணம்தானே? மூட்டை மூட்டையா இருக்கு, எறக்கிடறேன்," என்றார்.

கதை டிஸ்கஷன் வடபழனி ஓட்டல் அறையில் நடந்தது. இளம் ஒற்றனுக்கு நெஞ்சில் ஒரு காயம் வேண்டும், ஆகவே அம்மா சாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிச் சாவது என்பதில்தான் தகராறு. தயாரிப்பாளர் தீ விபத்து வேண்டுமென்றார். திருச்சி விநியோகஸ்தர், காவிரி வெள்ளத்தில் அம்மா போனால்தான் பெண்கள் கூட்டம் வரும் என்றார். ஒற்றன் படத்தில் குண்டடி படாமல் ஒருத்தி சாவதா என்று டைரக்டர் கொதித்தார்.

"மூணையும் வெச்சுக்குவோம்," என்றார் கோதண்டம், பஜ்ஜியைக் கடித்தபடி.

கதை இலாகாவில் இதுதான் தொழில் தர்மம். 'முடியாது' என்று யாரிடமும் சொல்வதில்லை. எல்லோரும் சொன்னதை எழுது, எல்லாவற்றையும் எடு, கடைசியில் எடிட்டர் கத்தரித்துக்கொள்வார். அப்படிக் கத்தரிக்கப்பட்டுக் குப்பைக்கூடைக்குப் போன அம்மாக்களையும் தங்கைகளையும் ஒன்று சேர்த்தால் தனி மாவட்டமே பிரிக்கலாம்.

கோதண்டம் எழுதினார். ஐயோ, என்ன எழுத்து! தீயில் அம்மா ஈரச் சாக்கில் பையனைச் சுற்றி ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். வெள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் அவனைத் தோளில் தூக்கி நின்றாள். ரயில்வே பிளாட்பாரத்தில் அவனுக்குச் சாதம் பிசைந்து கொடுக்கும்போது குண்டு வாங்கினாள். மூன்றிலும் ஒரு தூக்குச் சட்டி வந்தது. முதலாவதில் கருகியது, இரண்டாவதில் மிதந்து போனது, மூன்றாவதில் பிளாட்பாரத்தில் உருண்டு ஓடியது. சட்டியின் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நசுங்கல் என்பதுகூட மூன்றிலும் வந்தது. ஏனென்றால் கோதண்டத்துக்குத் தெரிந்த தூக்குச் சட்டி உலகத்தில் அது ஒன்றுதான். அருளப்பன் வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு மத்தியானச் சாப்பாடு அதில்தான் வரும். அந்த நசுங்கல், ரோசலின் அதைப் புருஷன்மேல் வீசிக் குறி தப்பிச் சுவரில் பட்டபோது ஏற்பட்டது.

ரோசலின், அருளப்பனின் மனைவி. டப்பிங் கலைஞர். தமிழ் சினிமாவில் அவள் குரலில் சாகாத அம்மா கிடையாது. இமயனின் அம்மாவுக்கும் அவளையே கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்று மூன்று விதமாகச் செத்தாள். அருளப்பன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவையும் "ஓகே" என்றார். கோதண்டம் மூலையில் உட்கார்ந்து மூன்று தடவையும் ஆனந்தமாக அழுதார்.

இந்த இயந்திரத்துக்கு எடிட்டர் கிடையாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எழுதியது இத்தனையும் அப்படியே பையனுக்குள் போகும் என்று அவர்களும் கேட்கவில்லை.

நான்கைந்து மாதம் கழித்து நிலோஃபர் கூப்பிட்டாள். குரலில் முன்பிருந்த பளிச்சென்ற தன்மை இல்லை. இருவரும் போனார்கள்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஒரு பயிற்சி மைதானம். மைதானத்து ஓரமாக மரப்பெட்டியின்மேல் இமயன் உட்கார்ந்திருந்தான். பழைய இமயனின் அதே மூக்கு, அதே புருவம். ஆனால் எவ்வளவு சின்னப் பையன்! ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"பயிற்சி முகாம்ல இருக்கறதா நெனச்சிட்டிருக்கான். நம்ம எல்லாரும் அவனுக்குத் தலைமை ஆபீஸ்," என்றாள் நிலோஃபர். "முதல் வாரம் நெருப்புப் பயிற்சி குடுத்தோம். எரியற வீட்டுக்குள்ள இருந்து வெளிய ஓடி வரணும். இவன் உள்ள ஓடறான் சார். யாரும் இல்லாத வீட்டுல அம்மாவைத் தேடறான். தண்ணியில இறக்குனா நீந்த மாட்டேங்கறான், கையை நீட்டிட்டு நிக்கறான். சுட்டா, பக்கத்துல இருக்கற காலி நாற்காலி மேல பாஞ்சு விழறான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, 'மறுபடி விட்டுட்டேன் மேடம்'னு சொல்றான். இப்ப எந்திரிக்கவே மாட்டேங்கறான்."

அருளப்பனுக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு என்று தெரியாத எரிச்சல். "கம்ப்யூட்டர்தானேம்மா இது? ஒரு பொம்மைக்குப் போயி அம்மா, ஆட்டுக்குட்டின்னுக்கிட்டு! ஆஃப் பண்ணிப் போட வேண்டியதுதானே?" என்றார்.

திரையில் பையன் தலை நிமிர்ந்தான். "யாரைச் சொல்றீங்க சார்?"

மைக் திறந்திருந்தது. வாழ்நாள் முழுக்க, மைக் ஆன்ல இருக்கு, வாயைப் பொத்துங்க என்று அடுத்தவர்களை அதட்டியவர் அருளப்பன். அவருக்குக் காது மடல் சுட்டது. "ஒண்ணுமில்லப்பா, இங்க ஒரு மெஷினு," என்று முனகினார்.

"சரி சார்." அவன் லேஸைக் கையிலிருந்து விட்டான். "ஆபீஸ்ல பெரியவங்க யாராவது இருக்கீங்களா? ஒரு சந்தேகம் கேக்கணும்."

கோதண்டம் மைக் அருகே போனார். "கேளு தம்பி."

"எங்கம்மா எதுல செத்தாங்க, ஐயா? மூணும் ஞாபகம் இருக்கு. மூணுலயும் நான் பக்கத்துல இருந்தேன். ரெண்டு கனவா இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். ஆனா எது கனவுன்னு தெரியல. தப்பா ஒண்ணைக் கனவுன்னு ஒதுக்கிட்டா, நெஜமாவே அவங்க செத்தப்ப நான் அழாம விட்ட மாதிரி ஆயிடுமே ஐயா?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார். ஊமைக்கும் பக்கம் பக்கமாக வசனம் எழுதிக் கொடுத்த மனுஷன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

வெளியே நடைக்கூடத்தில் வைத்து நிலோஃபரைக் கேட்டார். "ரெண்டை எடுத்துடக் கூடாதாம்மா?"

"பாயசத்துல போட்ட சர்க்கரையைத் திரும்ப எடுக்க முடியுமா சார்? எல்லாத்தோடயும் கலந்துடுச்சு. இன்னும் சேக்கலாம். எடுக்க முடியாது." அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "திங்கட்கிழமை இவனை அழிச்சிட்டு, வேற ரைட்டர் வெச்சுப் புதுசா ஒருத்தனைப் பண்ணச் சொல்லிட்டாங்க."

"அழிச்சிட்டுன்னா?"

"ஸ்லேட்டு மாதிரி சார்."

"அவன்கிட்ட சொல்வீங்களா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அருளப்பன் இரண்டு மூன்று தடவை சீண்டிப் பார்த்தார். திருவான்மியூர் சிக்னலில், "கொளுத்திப் போட்ட வெடி நமுத்துப்போச்சா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கிண்டி தாண்டியதும் கோதண்டம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் எத்தனை அம்மாவைக் கொன்னிருக்கேன் அருளப்பா! ஒரு பையனாவது வந்து, ஏன்யா கொன்னேன்னு என்னைக் கேட்டிருக்கானா? இவன் கேட்டுட்டான். அதுவும் 'ஐயா' போட்டுக் கேக்கறான்."

"நீ எழுதினே. நான் ஓகே சொன்னேன்," என்றார் அருளப்பன். பொம்மை என்று சொன்ன வாய் அவருடையதுதானே.

ரோசலின் சமையலறைத் தரையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணே, மூணு தடவை என்னையச் சாகடிச்சீகளே, அடுத்த டேக்குக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணியாச்சும் குடுத்தீகளா? நான் கத்துன கத்து அம்புட்டும் அந்தப் புள்ள காதுல விழுந்திருக்கே, சேசுவே!" கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். மீன் வாடை ஏறி இன்னும் எரிந்தது. அழுகை கோபமாக மாறியது. "அவனும் என்ன மக்குப் புள்ள? மூணு தடவை செத்தவ எவளாச்சும் உண்டா? எங்க தெருவுல ஒருத்தி மூணு தடவை செத்தான்னு வைங்க, நான் நம்புவனா? இன்சூரன்ஸுக்காக நாடகம் போடுறான்னு நேரா போலீசுக்குப் போவேன்."

கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்தார். நாற்காலியும் சேர்ந்து எழுந்தது என்று அவர் பிற்பாடு சொல்வார். அதுமட்டும் பொய்.

"ரோசம்மா! அந்தக் கடைசியைத் திரும்பச் சொல்லு!"

"எது? போலீசா?"

"நாடகம்! நாடகம் போடறா! எவ மூணு தடவை செத்துக் காட்டுவா? பொழைச்சிருக்கறது தெரியக் கூடாதவ! ஒற்றனோட அம்மாவும் ஒற்றிதான்யா!" அவர் சமையலறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். நெத்திலிச் சட்டியை மிதிக்கப் பார்த்தார். "எடுக்கத்தானே முடியாது? சேக்கலாமில்ல? சேக்கறேன்."

"அதுவும் பொய்தானேய்யா?" என்றார் அருளப்பன்.

கோதண்டத்தின் முகம் சட்டென்று விழுந்தது. "பொய்தான்," என்றார் மெதுவாக. "வேற என்ன தெரியும் எனக்கு? கொன்ன பொய்யை எழுதின கையில வேற சரக்கு இல்லையே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூவரும் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். நிலோஃபர் மேலிடத்துக்குச் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டாள். பையனிடம் நேரடியாகச் சொல்லக் கூடாது என்பதில் கோதண்டம் பிடிவாதமாக இருந்தார். சொன்னால் அது ஆறுதல், அவனே கண்டுபிடித்தால்தான் அது உண்மை என்றார்.

"தம்பி, உன் முதல் கேஸு," என்றார் மைக்கில். "ஒரு பொம்பளை மூணு தடவை செத்திருக்கா. என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடி. சாட்சி நீ ஒருத்தன்தான்."

பையன் லேஸை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். அருளப்பன் ஹெட்போனில் அவன் மூச்சைக் கேட்டார். பிறகு அந்த மூச்சு மாறியது.

"சட்டி," என்றான்.

"என்ன சட்டி?"

"நெருப்புல கருகிப்போச்சு ஐயா. வெள்ளத்துல பளபளன்னு மிதந்துச்சு. அப்புறம் பிளாட்பாரத்துல உருண்டுச்சு. மூணுலயும் அதே எடத்துல அதே நசுங்கல். அப்ப ஒரே சட்டிதான்." அவன் எழுந்து நின்றுவிட்டான். "கருகின சட்டியை யாரோ தேச்சுக் கழுவியிருக்காங்க. செத்தவங்க பாத்திரம் தேய்க்க மாட்டாங்க ஐயா!"

கோதண்டம் "ஆஹா!" என்று போட்ட சத்தத்தில் அருளப்பன் முன்னாலிருந்த ஒலி மீட்டரில் முள் சிவப்பைத் தாண்டியது. கத்தியவரே கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

கேமராக்களுக்கு நடுவே ரோசலின் நின்றாள். அவள் கையில் நிஜமாகவே அந்தத் தூக்குச் சட்டி. காலையில் கிளறிய புளிசாதம் அதில் இருந்தது. வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். இயந்திரம் அவளை முப்பத்தெட்டு வயதுக்காரியாக்கித் திரைக்குள் அனுப்பியது. முழங்கால் வலியால் லேசாகச் சாய்ந்து நடக்கும் நடையை மட்டும் அதனால் திருத்த முடியவில்லை.

கோதண்டம் அவளுக்கு நான்கு பக்கத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். தாய்மை, தேசம், தியாகம் எல்லாம் இருந்தது. ரோசலின் அதில் ஒரு எழுத்தைக்கூடப் பேசவில்லை. மைதானத்தின் குறுக்கே நடந்து போய் அவன் முன்னால் நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"கண்ணு," என்றாள். "செத்துட்டேன்னு சொன்னா உடனே நம்பிருவியா? என்ன ஒற்றன்டா நீ?"

பையன் சிரித்தான். இமயன் படங்கள் எட்டிலும் இமயன் சிரித்ததில்லை. அது ஏதோ ஸ்டைல் என்று வைத்திருந்தார்கள். பிறகு அழுதான். அழு என்று யாரும் சொல்லவில்லை. நிலோஃபர் கண்ணாடியைத் துடைப்பதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை அவன் நெருப்பிலிருந்து வெளியே ஓடி வந்தான். தண்ணீரில் நீந்தினான். ஸ்லேட்டை யாரும் அழிக்கவில்லை. படம் வளர்ந்தது. வாரத்துக்கு ஒரு நாள் அம்மாவோடு பேச வேண்டும் என்று அவன் கேட்டான். ரோசலினும் போய் வந்தாள், ஒவ்வொரு தடவையும் சட்டியோடு.

கோதண்டத்துக்குத்தான் பழைய தெம்பு முழுதாகத் திரும்பவில்லை. வெளியில் பலூன் ஊதினார். தனியாக இருக்கும்போது அருளப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி. "அவன் நம்பிட்டான்ல? ஒருநாள் தெரிஞ்சா என்ன ஆகும் அருளப்பா? மூணு பொய்யில குத்தினேன், நாலாவது பொய்யில கட்டுப் போட்டிருக்கேன். அவுந்துட்டா?" மாத்திரை போட்டும் தூக்கம் வருவதில்லை என்றார்.

"அவுழாது, போ," என்பார் அருளப்பன். அப்படித்தான் அவரும் நினைத்தார், மருத்துவ முகாமுக்கு முந்தின நாள் வரை.

அன்றைக்கு ரோசலின் மேக்கப் அறையில் இருந்தாள். நிலோஃபர் காப்பி வாங்கப் போயிருந்தாள். அருளப்பன் வழக்கம்போல மைக் சரிபார்த்தார். "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்."

"நல்லா கேக்குது சார்," என்றான் இமயன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சார், நீங்க சவுண்டுதானே? உங்களுக்குத்தான் புரியும். அம்மா 'கண்ணு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு இழுப்பாங்க. கவனிச்சிருக்கீங்களா?"

கவனித்திருக்கிறாரா! கல்யாணமான நாளிலிருந்து அந்த மூச்சை அவருக்குத் தெரியும். மூன்று சாவையும் பதிவு செய்தபோது அதை வெட்டியிருக்க வேண்டும். ஒலிப்பதிவாளன் முதலில் வெட்டுவதே அதைத்தான். மனசு வராமல் விட்டுவைத்தார்.

"நெருப்புல, சுத்தி புகையா இருக்கு. அப்பவும் அந்த மூச்சு நிதானமா இருந்துச்சு," என்றான் பையன். "புகையில அப்படி இழுத்தா இருமல் வரும் சார். கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னப்பவும் அதே மூச்சு. போன வாரம் இங்க வந்தப்பவும் அதே மூச்சு. அது ஒரு நல்ல ரூம்ல, காலை ஊனி நின்னு, பேசறதுக்குத் தயாராகற மூச்சு. அவங்க எங்கம்மா இல்ல. இல்லையா சார்?"

ஒரு பொய் சொல்ல வேண்டும். எத்தனையோ பொய்களைக் கிழித்த வாயில் ஒரு பொய் வரவில்லை.

"பரவால்ல சார், சொல்ல வேண்டாம். ஒண்ணு மட்டும். அப்ப யாரும் சாகல, அப்படித்தானே? நெருப்புலயும் தண்ணியிலயும்?"

"யாரும் சாகலப்பா," என்றார். இது உண்மை. அதனால் சுலபமாக வந்தது.

"அது போதும் சார்." பையன் நிம்மதியாக மூச்சு விட்டான். "அந்தப் பெரியவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவரு தூங்கறதே இல்லைன்னு அம்மா சொன்னாங்க. நான் கண்டுபிடிச்ச அன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா கத்துனாரு! நான் நம்பறதா அவரு நம்பட்டும். அம்மாவும் வந்து போகட்டும். எனக்காக ஒருத்தவங்க வாரா வாரம் சட்டியைத் தூக்கிட்டு வந்து நடிக்கறாங்க. இதைக்கூடக் காப்பாத்த முடியலேன்னா நான் என்ன ஒற்றன் சார்?"

கதவு திறந்தது. ரோசலின் உள்ளே வந்தாள். "கண்ணு," என்றாள், மூச்சை இழுத்து. "அம்மா!" என்றான் பையன். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஹெட்போனுக்குள் கிடந்த அருளப்பனின் காதே ஏமாந்தது. அவனுக்கு நடிக்கத் தெரியாது என்றுதானே சொன்னார்கள்?

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் இன்னும் அருளப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா, ஊசி மொட்டையாப் போச்சா?" என்றார் சம்மந்தம். "சொல்லு. செத்தவளை எழுப்புனானா இவன்?"

அருளப்பன் நிமிர்ந்து கோதண்டத்தைப் பார்த்தார். வாயெல்லாம் சிரிப்பு. கண் மட்டும் சிரிப்பில் சேரவில்லை. அது அருளப்பனையே பிடித்துக்கொண்டு நின்றது, தீர்ப்புக்குக் காத்திருப்பதைப் போல.

அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"நடந்துச்சு," என்றார்.

கோதண்டத்தின் கதைக்கு அருளப்பன் சாட்சி சொல்லிவிட்டார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

"நானே பாத்தேன். நான்தான் சவுண்டு. ஒரே டேக்கு, ஓகே. அந்தப் பையன் அப்படியே நம்பிட்டான்."

கோதண்டம் சிரிக்கவில்லை. வேட்டி நுனியால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு நாளாக அடக்கி வைத்திருந்தாரோ, ஒரு பெருமூச்சு வெளியே வந்தது.

சம்மந்தத்துக்கு மட்டும் விட மனசில்லை. "புளிசாதம்?"

"சூடாத்தான் இருந்துச்சு," என்றார் அருளப்பன்.